பாட்டரிக்குக் கணக்கு எழுதியவர்

லாரிகள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் பாட்டரி சார்ஜ் செய்யும் கடை ஒன்று இருக்கும். அந்தக் கடைக்காரர் செய்வதைக் கவனித்துப் பாருங்கள்.

ஒரு கண்ணாடிக் குழாயை எடுப்பார். பாட்டரியின் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் ஆசிட்டைக் குழாய்க்குள் உறிஞ்சுவார். குழாய்க்குள் ஒரு மிதவை இருக்கும். அது எந்தக் கோடு வரை மிதக்கிறது என்று பார்ப்பார். உடனே சொல்லிவிடுவார், பாட்டரியில் சார்ஜ் இருக்கிறதா, இறங்கிவிட்டதா என்று.

மின்சாரத்தை அவர் அளக்கவே இல்லை. ஆசிட்டின் கனத்தைத்தான் அளந்தார்.

முழு சார்ஜ் இருக்கும்போது ஆசிட் தண்ணீரைப் போலச் சுமார் 1.28 மடங்கு கனமாக இருக்கும். அப்போது பாட்டரியின் ஓர் அறையில் சுமார் 2.1 வோல்ட் இருக்கும். சார்ஜ் இறங்க இறங்க ஆசிட் நீர்த்துப் போகும். கனம் 1.12 அளவுக்கு வந்துவிட்டால், வோல்டேஜும் 1.95-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

தண்ணீரில் எவ்வளவு ஆசிட் கலந்திருக்கிறது என்பதற்கும் வோல்டேஜுக்கும் என்ன சம்பந்தம்?

அந்தச் சம்பந்தத்தை ஒரே வரிக் கணக்காக எழுதியவர் ஒரு வாலிபர். எழுதிய ஆண்டு 1889. அப்போது அவருக்கு வயது 25. நாடு ஜெர்மனி. பெயர் வால்தர் நெர்ன்ஸ்ட்.

பின்னால் அவர் பெரும் பணக்காரர் ஆனார். நோபல் பரிசு பெற்றார். இரண்டு மகன்களையும் போரில் பறிகொடுத்தார். இரண்டு மகள்கள் நாட்டை விட்டே போகவேண்டி வந்தது.

கவிஞர் ஆக ஆசை

நெர்ன்ஸ்ட் 1864-ம் ஆண்டு ஜூன் 25-ந் தேதி பிறந்தார். ஊர் பிரீசன். அப்போது அது பிரஷ்ய ராஜ்யத்தில் இருந்தது. இப்போது போலந்து நாட்டில் இருக்கிறது. தந்தை ஒரு நீதிபதி.

பள்ளிக்கூடத்தில் படித்தபோது நெர்ன்ஸ்ட்டுக்குக் கவிஞர் ஆகவேண்டும் என்று ஆசை. நாடகத்தின் மீது மோகம். அந்த மோகம் கடைசி வரை போகவில்லை. ஆனால் ரசாயனம் கற்றுக்கொடுத்த ஆசிரியர் அவருடைய மனதை விஞ்ஞானத்தின் பக்கம் திருப்பிவிட்டார்.

அந்தக் காலத்து ஜெர்மன் மாணவர்கள் ஒரே கல்லூரியில் உட்கார்ந்து படிப்பதில்லை. நல்ல ஆசிரியர் எங்கே இருக்கிறாரோ அங்கே போவார்கள். நெர்ன்ஸ்ட்டும் சூரிக், பெர்லின், கிராஸ், வியூர்ட்ஸ்பர்க் என்று ஊர் ஊராகப் போனார். 1887-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

அந்த நாளில் அவருக்கு ஒரு நண்பர் கிடைத்தார். ஸ்வீடன் நாட்டுக்காரர். பெயர் அர்ரேனியஸ். நெர்ன்ஸ்ட்டைவிட 5 வயது மூத்தவர். உப்பைத் தண்ணீரில் போட்டால் அது மின்சாரம் ஏறிய துகள்களாகப் பிரிந்துவிடுகிறது என்று அவர் சொன்னார். அந்தத் துகள்களுக்கு அயனி என்று பெயர். இதைப் பல பெரிய பேராசிரியர்கள் நம்பவில்லை. நெர்ன்ஸ்ட் நம்பினார்.

அதே ஆண்டில் லீப்சிக் நகரத்துப் பேராசிரியர் ஓஸ்வால்ட், நெர்ன்ஸ்ட்டைத் தம் உதவியாளராக அழைத்துக்கொண்டார். அங்கேதான் அந்த வாலிபர் பாட்டரியைக் கையில் எடுத்தார்.

மழைக்காலத்துத் துணி

பாட்டரி அப்போது புதிய பொருள் அல்ல. இத்தாலியரான வோல்ட்டா 1800-லேயே செய்து காட்டிவிட்டார். இங்கிலாந்தில் டேனியல் என்பவர் 1836-ல் ஒரு நல்ல பாட்டரியைச் செய்தார். அதைக் கொண்டு தந்தி அனுப்பினார்கள்.

டேனியல் பாட்டரியில் இரண்டு பாகம் உண்டு. ஒன்றில் துத்தநாகத் தகடு. அது துத்தநாக உப்பு கரைந்த தண்ணீரில் நிற்கிறது. மற்றதில் செம்புத் தகடு. அது மயில்துத்தம் கரைந்த தண்ணீரில் நிற்கிறது. இரண்டையும் கம்பியால் இணைத்தால் மின்சாரம் ஓடுகிறது. வோல்டேஜ் சுமார் 1.10.

ஏன் ஓடுகிறது? எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறது? அந்த வேகம் எப்போது குறையும்? ஹெல்ம்ஹோல்ட்ஸ் போன்ற மேதைகள் பாதி வழி போயிருந்தார்கள். மீதி வழியை நெர்ன்ஸ்ட் போனார்.

அவர் யோசித்த விதம் மிக எளிது. நம் வீட்டுக் கொல்லைப்புறத்தைப் பார்த்தாலே புரியும்.

ஈரத் துணியைக் கொடியில் போடுகிறோம். வெயில் நாளில் சீக்கிரம் காய்கிறது. மழைக்காலத்தில் காய்வதே இல்லை. துணியில் உள்ள தண்ணீர் ஆவியாகி வெளியே போகத்தான் பார்க்கிறது. ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. போக இடம் இல்லை.

துத்தநாகத் தகடும் அந்த ஈரத் துணி மாதிரிதான். அதில் உள்ள அணுக்கள் அயனிகளாக மாறித் தண்ணீரில் இறங்கப் பார்க்கின்றன. தண்ணீரில் துத்தநாக அயனிகள் குறைவாக இருந்தால், ஆவலோடு இறங்கும். ஏற்கெனவே கூட்டமாக இருந்தால், தயங்கும். செம்புப் பக்கத்தில் காரியம் தலைகீழ். அங்கே தண்ணீரில் இருக்கும் செம்பு அயனிகள் தகட்டில் வந்து உட்காருகின்றன. கூட்டம் அதிகமாக இருந்தால் அதிக வேகத்தோடு வரும்.

ஆகவே மயில்துத்தம் அதிகமானால் வோல்டேஜ் ஏறும். துத்தநாக உப்பு அதிகமானால் வோல்டேஜ் இறங்கும்.

பாட்டரி வேலை செய்யும்போது துத்தநாகம் கரைந்துகொண்டே போகிறது. செம்பு படிந்துகொண்டே போகிறது. அதாவது, பாட்டரி தன் வோல்டேஜைத் தானே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்கிறது. ஒரு பக்கத்து ஆவலும் மறு பக்கத்து ஆவலும் சமமாகிவிட்டால், வோல்டேஜ் பூஜ்யம். அதைத்தான் நாம் பாட்டரி செத்துவிட்டது என்கிறோம்.

தகடு கரைவதை ஒரு வகை அழுத்தம் என்று நெர்ன்ஸ்ட் நினைத்துக்கொண்டார். அந்த எண்ணத்தைப் பிற்கால விஞ்ஞானிகள் கைவிட்டுவிட்டார்கள். கணக்கு மட்டும் அப்படியே நிற்கிறது.

பத்து மடங்குக்கு எவ்வளவு?

இதுவரை சொன்னதைக் கெட்டிக்கார மாணவன் எவனும் ஊகித்துவிடலாம். எவ்வளவு என்று சொன்னதில்தான் நெர்ன்ஸ்ட் ஜெயித்தார்.

சாதாரண உஷ்ணத்தில், அதாவது 25 டிகிரியில், டேனியல் பாட்டரியை வைத்துக்கொள்வோம். துத்தநாக அயனிகள் செம்பு அயனிகளைப் போல 10 மடங்கு ஆனால், வோல்டேஜ் சுமார் 0.03 குறையும். 1.10 என்பது 1.07 ஆகும். 100 மடங்கு ஆனால் இன்னொரு 0.03 குறையும். 1.04 ஆகும். கூட்டம் பெருக்கலில் ஏறுகிறது. வோல்டேஜ் கழித்தலில் இறங்குகிறது.

அப்படியானால் வோல்டேஜ் பூஜ்யத்துக்கு வர எத்தனை மடங்கு வேண்டும்? 1 என்று எழுதி, அதன் பின்னால் 37 சைபர் போடவேண்டும்! ஏறக்குறைய எல்லாச் செம்பும் தீர்ந்துபோனால்தான் அந்த நிலை வரும். பாட்டரி நெடுநேரம் சீராக உழைத்துவிட்டு, கடைசியில் திடீர் என்று படுத்துவிடுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

உஷ்ணமும் இந்தக் கணக்கில் சேரும். உஷ்ணத்தை இங்கே மைனஸ் 273 டிகிரியிலிருந்து எண்ணவேண்டும்.

இரண்டு கோப்பைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் வெள்ளி நைட்ரேட் கரைசல். ஒன்றில் மற்றதைவிடப் பத்து மடங்கு வெள்ளி அயனிகள். இரண்டிலும் வெள்ளித் தகடு. கோப்பைகளை உப்புத் தண்ணீரில் நனைத்த தாளால் இணைத்தால், தகடுகளுக்கு இடையே வோல்டேஜ் வந்துவிடும். இரண்டும் ஒரே உலோகம்தான். செறிவில் மட்டுமே வித்தியாசம். 0 டிகிரியில் அந்த வோல்டேஜ் சுமார் 54 மில்லிவோல்ட். 25 டிகிரியில் 59. கொதிக்கும் தண்ணீரின் சூட்டில் 74. வெள்ளி அயனியில் மின்சாரம் ஒரு பங்கு. துத்தநாகத்திலும் செம்பிலும் இரண்டு பங்கு. அதனால்தான் டேனியல் பாட்டரியில் 59-க்குப் பதிலாக அதில் பாதி வந்தது.

குளிர்காலக் காலையில் கார் கிளம்ப மறுப்பதை மட்டும் இந்தக் கணக்கின் தலையில் கட்டக்கூடாது. குளிரில் ஆசிட்டுக்குள் அயனிகள் நகர்வது மந்தமாகிவிடுகிறது. பெரும்பாலும் தொல்லை அதனால்தான்.

உடம்புக்குள் ஒரு பாட்டரி

பாட்டரிக்கு எழுதிய கணக்கு மனித உடம்புக்கும் பொருந்தும் என்று நெர்ன்ஸ்ட்டின் நாட்டுக்காரரான பெர்ன்ஸ்டைன் 1902-ல் எடுத்துக் காட்டினார்.

நம் நரம்பும் தசையும் மிகச் சிறிய அறைகளால் ஆனவை. ஒவ்வோர் அறைக்கும் மெல்லிய தோல் சுவர் போல இருக்கிறது. உள்ளே பொட்டாசியம் அதிகம். வெளியே குறைவு. உள்ளே இருப்பது வெளியே இருப்பதைப் போலச் சுமார் 30 மடங்கு. ஒரு பொருள், இரண்டு செறிவு. அதே வெள்ளிக் கோப்பைக் கதைதான்.

உடம்பின் உஷ்ணம் 37 டிகிரி. நெர்ன்ஸ்ட்டின் கணக்கைப் போட்டால் சுமார் 90 மில்லிவோல்ட் வருகிறது. நம் இதயத் தசையை ஓய்வு நிலையில் அளந்தாலும் கிட்டத்தட்ட அதுதான் வருகிறது.

இது விளையாட்டுக் கணக்கு அல்ல. உயிர் போகும் கணக்கு.

சிறுநீரகம் பழுதானவர்களை இளநீர் குடிக்கவேண்டாம், வாழைப்பழத்தைக் குறையுங்கள் என்று டாக்டர்கள் எச்சரிப்பதைக் கேட்டிருப்பீர்கள். இளநீர் நல்லதாயிற்றே என்று வீட்டில் பெரியவர்கள் வாதாடுவார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு நல்லதுதான். ஆனால் இளநீரில் பொட்டாசியம் அதிகம். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியே தள்ள முடியாது. அது ரத்தத்தில் தங்கிவிடும்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இருந்தால் சரி. 4 ஆக இருந்தது 8 ஆகிவிட்டது என்று வையுங்கள். வெளியே இரண்டு மடங்கு ஆகிவிட்டது. நெர்ன்ஸ்ட்டின் கணக்குப்படி சுமார் 18 மில்லிவோல்ட் குறைகிறது. கேட்பதற்குச் சின்ன எண். இதயத்துக்கு அது பெரிய எண். துடிப்பு தாறுமாறாகும். நின்றும் போகலாம்.

பத்து லட்சம் மார்க் விளக்கு

நெர்ன்ஸ்ட் 1890-ல் கோட்டிங்கன் நகரத்துக்குப் போனார். 1892-ல் எம்மா என்ற டாக்டர் மகளை மணந்தார். இரண்டு பிள்ளைகள், மூன்று பெண்கள். 1893-ல் அவர் எழுதிய ரசாயனப் புத்தகம் பல பதிப்புகள் கண்டது.

1897-ல் ஒரு புது விளக்கைச் செய்தார். அப்போதைய மின்சார பல்பில் கரி இழை இருக்கும். காற்றை வெளியேற்றிய கண்ணாடிக் குடுவை வேண்டும். நெர்ன்ஸ்ட்டின் விளக்கில் பீங்கான் மாதிரியான ஒரு சிறிய குச்சி. காற்றிலேயே எரியும். ஒளியும் அதிகம். ஒரே தொல்லை, குச்சி குளிர்ந்திருந்தால் மின்சாரம் ஓடாது. முதலில் அதைச் சூடாக்கவேண்டும். மின்சார விளக்கைத் தீக்குச்சி கிழித்து ஏற்றிய வேடிக்கையும் அப்போது நடந்தது!

அந்த உரிமையை ஏ.இ.ஜி. கம்பெனிக்குப் பத்து லட்சம் மார்க்குக்கு விற்றார். கார் வாங்கினார். பிறகு டங்ஸ்டன் பல்பு வந்தது. நெர்ன்ஸ்ட் விளக்கு மறைந்துவிட்டது.

ஆனால் குச்சி மறையவில்லை. அது சிர்க்கோனியம், இட்ரியம் என்ற இரு உலோகங்களின் ஆக்சைடு கலந்த பொருள். அதே வகைப் பொருளைத்தான் பெட்ரோல் கார்களின் புகைக் குழாயில் பொருத்துகிறார்கள். 1976 முதல் இந்த வழக்கம் உண்டு. அதன் ஒரு பக்கம் புகை, மறு பக்கம் வெளிக்காற்று. இரண்டிலும் ஆக்சிஜன் அளவு வேறு. ஆகவே வோல்டேஜ் பிறக்கிறது. அதைப் பார்த்து, எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் விடலாம் என்று கருவி முடிவு செய்கிறது. அந்த வோல்டேஜைக் கணக்கிடுவது 1889-ம் ஆண்டுச் சூத்திரம். அவருடைய இரண்டு வேலைகளும் ஒரு புகைக் குழாயில் சந்தித்துக்கொண்டதை அவர் பார்க்கவில்லை.

குளிரின் அடிமட்டம்

1905-ல் பெர்லின் பல்கலைக்கழகம் அழைத்தது. அந்த ஆண்டே அவருடைய மிகப் பெரிய எண்ணம் பிறந்தது.

பாட்டரியைச் சூடாக்கினால் வோல்டேஜ் மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கொண்டு, உள்ளே நடக்கும் ரசாயன மாற்றத்தின் குணத்தையே சொல்லிவிடலாம். சரி, குளிரவைத்துக்கொண்டே போனால்? மைனஸ் 273-ஐ நெருங்க நெருங்க, உஷ்ணத்தால் ஏற்படும் மாற்றம் தேய்ந்து மறைந்துவிடும் என்றார் நெர்ன்ஸ்ட். எல்லா ரசாயன மாற்றத்துக்கும் இது பொருந்தும் என்றார். உஷ்ண இயலின் மூன்றாவது விதி என்று இப்போது பாடப் புத்தகத்தில் இருப்பது இதுதான்.

அவருக்குத் தற்பெருமை உண்டு. அதோடு நகைச்சுவையும் உண்டு. முதல் விதியைக் கண்டவர்கள் மூவர், இரண்டாவதைக் கண்டவர்கள் இருவர், மூன்றாவதைக் கண்டவர் தாம் ஒருவரே, ஆகவே நான்காவது விதி வர வழியே இல்லை என்று மாணவர்களிடம் சொல்வாராம்.

இந்த விதியைச் சோதிக்கப் பல ஆண்டுகள் குளிரோடு போராடினார். அப்போது கிடைத்த அளவுகள், ஐன்ஸ்டைன் என்ற இளைஞர் எழுதிய ஒரு கட்டுரையோடு ஒத்துப் போயின. 1911-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் உலக விஞ்ஞானிகள் கூடிய முதல் சால்வே மாநாட்டுக்கு முன்நின்று ஏற்பாடு செய்தவர் நெர்ன்ஸ்ட்தான். 1913-ல் அவரும் பிளாங்க்கும் சூரிக் போய், ஐன்ஸ்டைனைப் பெர்லினுக்கு வரச் சம்மதிக்க வைத்தார்கள்.

போர் வந்தது

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. நெர்ன்ஸ்ட்டுக்கு 50 வயது. போகவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் தம் காரோடு ராணுவத்தில் தொண்டராகச் சேர்ந்தார். வீட்டு வாசலில் அவருக்கு நடை பழக்கி, சல்யூட் அடிக்கக் கற்றுக்கொடுத்தவர் மனைவி எம்மா என்று சொல்வார்கள்.

இதுவரை சிரிக்கலாம். அடுத்ததைச் சொல்லாமல் விட முடியாது. ஜெர்மனி செய்தது சரியே என்று 93 அறிஞர்கள் வெளியிட்ட அறிக்கையில் அவரும் கையெழுத்துப் போட்டார். கண்ணையும் மூக்கையும் எரிக்கும் ரசாயனக் குண்டுகளைத் தயாரிக்கும் யோசனையிலும் பங்கு கொண்டார். அந்தக் குண்டுகள் 1914 அக்டோபரில் பிரான்சில் வீசப்பட்டன. பலன் இல்லை. ஆனால் வழி திறந்துவிட்டது. அடுத்த ஆண்டே வேறொரு ஜெர்மானியரான ஹாபரின் தலைமையில் குளோரின் புகை பாய்ந்தது.

நெர்ன்ஸ்ட்டின் ஒரு மகன் 1914-லேயே போர்க்களத்தில் இறந்தான். மற்ற மகன் 1917-ல் இறந்தான். வீட்டில் ஆண்பிள்ளை இல்லாமல் போயிற்று.

1920-ம் ஆண்டுக்கான ரசாயன நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அது அவருக்கு முன்பே கிடைத்திருக்கவேண்டும் என்பார்கள். தடுத்தவர்களில் முக்கியமானவர் பழைய நண்பர் அர்ரேனியஸ். வாலிபத்தில் கூடிப் பழகியவர்கள் நடுவில் பகைத்துக்கொண்டார்கள்.

மாட்டுக் கொட்டகையும் மீனும்

ஜிபெல்லே என்ற கிராமத்தில் நெர்ன்ஸ்ட்டுக்கு ஒரு பண்ணை இருந்தது. அவரைப் பற்றி வழங்கும் கதைகளில் இதுதான் ருசியானது. ஒரு குளிர்நாளில் மாட்டுக் கொட்டகைக்குள் போனாராம். உள்ளே கதகதப்பு. அடுப்பு இல்லை. மாடுகளின் உடம்புச் சூடு என்று தெரிந்தது. தாம் போடும் தீனி ஊரைச் சூடாக்கவா என்று மாடுகளை விற்றுவிட்டாராம். பதிலுக்குக் கெண்டை இன மீன் வளர்த்தார். மீனின் உடம்புச் சூடும் தண்ணீரின் சூடும் ஒன்று. தீனி வீணாகாது!

1930-ஐ ஒட்டி மின்சாரப் பியானோ ஒன்றையும் செய்தார். சங்கீத வித்வான்கள் அதை மதிக்கவில்லை.

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூத விஞ்ஞானிகளை வேலையிலிருந்து விரட்டினார்கள். வெளிநாட்டில் இருந்த ஐன்ஸ்டைன் ஜெர்மனிக்குத் திரும்பவே இல்லை. நெர்ன்ஸ்ட் யூதர் அல்ல. ஆனால் அவருடைய இரண்டு மருமகன்கள் யூதர்கள். ஒரு மகள் குடும்பம் இங்கிலாந்துக்கும் இன்னொரு மகள் குடும்பம் பிரேசிலுக்கும் போய்விட்டன. நாஜிகளோடு நெர்ன்ஸ்ட் ஒட்டவில்லை. அந்த ஆண்டே பதவியிலிருந்து ஓய்வு பெற்றுப் பண்ணைக்குப் போய்விட்டார்.

1941 நவம்பர் 18-ந் தேதி, இரண்டாம் உலகப் போரின் நடுவில், அந்தப் பண்ணையிலேயே இறந்தார். வயது 77. போருக்குப் பிறகு எல்லைக் கோடு நகர்ந்தது. பிறந்த ஊரைப் போலவே இறந்த ஊரும் போலந்தில் சேர்ந்தது. அவருடைய அஸ்தியைப் பின்னர் கோட்டிங்கனுக்குக் கொண்டுபோனார்கள். அவரோடு சூரிக்குக்கு ரயிலேறிப் போன பிளாங்க்கின் கல்லறையும் அதே இடுகாட்டில்தான் இருக்கிறது.